கண்காட்சிக்கு வந்த யன்னல்

எங்கள் பள்ளிக்கூடத்தின் தொழிற்கூடத்தில் அலுமினியம் வெட்டுகிற மெசின் ஒன்று இருக்கிறது. தரம் பன்னிரண்டு தொழிற்பாட மாணவர்களுக்கென்று கொழும்பிலிருந்து வந்தது. வந்த நாளிலிருந்து பொலித்தீனைக் கழற்றவே இல்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். திறப்பு விழா நடக்கவில்லையாம்.

"பெரிய ஆக்கள் வந்து நாடா வெட்டினாப் பிறகுதான் புள்ள எதிலயும் கை வைக்கிற," என்றார் அதிபர் அருமைநாயகம். நாடா வெட்டுவதில் அந்த மனிதருக்கு இருந்த பக்தி பிள்ளையார்மேல்கூட இருந்ததில்லை. அவர் கேட்ட பெரிய ஆட்களோ வருகிறோம் வருகிறோம் என்று இழுத்தடித்துக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் தரம் பதின்மூன்றுக்கு வந்துவிட்டோம்.

படிப்பித்தவர் துசாந்தன் சேர். அவர் பட்டம் வாங்கியது இந்து நாகரிகத்தில். கரும்பலகையில் சோக்கால் யன்னல் கீறுவார், நாங்கள் கொப்பியில் கீறுவோம். அடுத்த நாள் அதே யன்னலைக் கொஞ்சம் பெரிதாகக் கீறுவார். என் பக்கத்து மேசை தனுஷியா அச்சடித்தது போலக் கீறுவாள். அவளைத்தான் கெட்டிக்காரி என்று மெச்சினார்கள். அலுமினியத்தை அவள் கையால் தொட்டதே இல்லை.

செய்முறைப் பரீட்சையில் தேறினால் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைக்கும். தேறாவிட்டால், விடியமுன் சந்திக்கு வருகிற ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏற வேண்டியதுதான். அம்மா அங்கே எனக்காக முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அந்த பஸ்ஸில் ஏறுவதில்லை என்று நான் முடிவெடுத்திருந்தேன். அதனால் சனிக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு காத்தான்குடியில், காக்கா என்று நாங்கள் மரியாதையாகக் கூப்பிடுகிற அசனாரின் அலுமினியக் கடைக்குப் போகத் தொடங்கினேன்.

"பொம்புளப் புள்ளைக்கு இது சரிவருமா மகள்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கையுறையைத் தந்தார். நான் முழுதாகச் செய்த முதல் யன்னலில் ஒரு மூலை பொருந்தவில்லை. இடைவெளிக்குள் சிலிக்கன் பசையை அள்ளி அப்பினேன்.

"என்ன மகள், காயத்துக்குப் போடுற மாதிரி யன்னலுக்குப் பத்துப் போட்டிரிக்காய்?" என்று சிரித்து, மலிவாக விற்பதற்கு அதை ஒதுக்கி வைத்தார்.

கடைசியில் ஒரு பெரிய ஆள் அகப்பட்டார். எதற்கோ தலைவராம், எதற்கென்று அதிபருக்கே வடிவாகத் தெரியாது. பரீட்சிக்க வருகிற வசந்தாதேவி மெடத்தையும் அதே நாளுக்கே அதிபர் வரச் சொன்னார். ஒரு செலவில் இரண்டு வேலை. எங்கள் தாய்மார் சாறியுடுத்து வந்து நாக்கைச் சுழற்றிக் குரவை போட வேண்டும் என்று கட்டளை. போட்டார்கள். தலைவர் நாடாவை வெட்டினார். மெசினுக்கு மாலை, சந்தனம், குங்குமம். கலியாண மாப்பிள்ளைகூட அவ்வளவு பூசிக்கொள்ள மாட்டான்.

பக்கத்துக் கண்காட்சி மேசையில் ஒரு யன்னல் நின்றது. "மாணவர் ஆக்கம்: நிதுர்ஷன்" என்று அட்டை. நிதுர்ஷன் எங்கள் வகுப்புத்தான், அதிபரின் அக்கா மகன். கிட்டப் போய்ப் பார்த்தேன். மூலையில் என் சிலிக்கன் பத்து அப்படியே இருந்தது. கடையில் கிடந்ததிலேயே மலிவானதைத் தேடி வாங்கியிருக்கிறார்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தம்பி, இந்த மூலைய எப்பிடிப் பொருத்தின?" என்று மெடம் கேட்டார்.

நிதுர்ஷன் கூரையைப் பார்த்தான்.

"அத நான்தான் செஞ்சன் மெடம்," என்றேன்.

"பொய் சொல்லுறாள் மெடம்," என்று அதிபர் பாய்ந்து வந்தார். "இவள் மெசினத் தொட்டதே இல்ல."

"நிதுர்ஷன் மட்டும் தொட்டவனா சேர்? இப்பதானே நாடா வெட்டின?"

"அப்ப இத ஆரு செஞ்ச சேர்?" என்று மெடம் அதிபரிடம் திரும்பினார்.

தலைவர் ரோல்ஸைக் கடித்தபடி பின்னால் நின்றார். பத்திரிகைக்காரர் கமெராவோடு நின்றார். நான் செய்யவில்லை என்றால், கடையில் வாங்கியது என்று அதிபர் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அவர் மெடத்தைப் பார்த்து இளித்தார்.

"ஓம் மெடம், இந்தப் புள்ள நிருஷாதான் செஞ்ச. பேர மாறி எழுதிப்போட்டாங்க." சொல்லிவிட்டுத் துசாந்தன் சேரை முறைத்தார். அந்த அட்டையை எழுதவே எழுதாத அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். முதுகெலும்பில்லாத பிறவி.

"நல்லம். எனக்கு முன்னால ஒரு மூலைய வெட்டிப் பொருத்துங்க புள்ள. பாத்தாத்தான் புள்ளி போடேலும்."

மாலையைக் கழற்றி எறிந்தேன். பிளக்கைச் செருகிச் சுவிட்சைப் போட்டேன். மெசின் அசையவில்லை. சுவரில் பிளக் பெட்டி பளபளத்தது. இழுத்துப் பார்த்தேன், கையோடு கழன்று வந்தது. பின்னால் வயரே இல்லை.

"கரண்ட் எடுக்கிறது ரெண்டாம் கட்டம்," என்றார் அதிபர், கொஞ்சமும் கூசாமல்.

மெடம் பேனையை மூடினார். எனக்கு அந்த பஸ்ஸின் ஹோர்ன் காதில் கேட்டது.

"மெடம், கடைக்கு வாங்க. அங்க மெசின் இரிக்கி."

"எந்தக் கடை?"

"இந்த யன்னல வித்த கடை."

தலைவர் மெல்லுவதை நிறுத்தினார். மெடம் அதிபரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்தார்.

அன்று பின்னேரம் அசனார் காக்காவின் கடையில் வெட்டினேன், பொருத்தினேன். மூலை ஒட்டிப்பிடித்து நின்றது. "இண்டைக்குப் பத்துத் தேவல்ல மகள்," என்றார் காக்கா. பரீட்சையில் நான் சித்தி, தேறிவிட்டேன். பிறகு மெடம் என் வகுப்பு முழுவதையும் அதே கடையில் சோதித்தார்; வேறு ஒருவரும் சித்தியடையவில்லை. யன்னலைக் கீறி மட்டும் பழகிய பிள்ளைகள் அலுமினியத்தை எப்படி வெட்டுவார்கள்?

இப்போது பள்ளிக்கூட வாசலில் ஒரு பெரிய பதாகை தொங்குகிறது. மாலை போட்ட மெசின், பக்கத்தில் என் படம், கீழே "எமது தொழிற்கூடத்தின் முதல் சாதனை". அதிபர் என்னைக் கேட்கவும் இல்லை, கூசவும் இல்லை. தனுஷியா விடியமுன் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறாள். தொழிற்கூடத்துக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. அங்கே இன்றுவரை வெட்டுப்பட்டது அந்த நாடா மட்டும்தான்.