குகதாசனின் படகைத் தண்ணீர் தொடவில்லை

2004ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்து முதல் ஞாயிறு, காலை ஆறே முக்காலுக்கு, சுவிஸின் பீல் ஏரி குகதாசனின் படகைத் தொட மறுத்தது. அவர் ஏறி உட்கார்ந்ததும் படகு தண்ணீரை விட்டு ஒரு சாண் மேலே எழும்பி அப்படியே நின்றது. காற்று இல்லை. துறையில் இருந்த மற்றப் பதினான்கு படகுகளும் வழக்கம்போல் நனைந்துகொண்டிருந்தன. குகதாசன் மோட்டாரை முடுக்கினார். அதன் விசிறியைச் சுற்றி நீர் குழிவிழுந்து விலகிக்கொண்டது. தூண்டிலை எறிந்தார், உலோகப் பொய்மீன் நீர்ப்பரப்பில் விழுந்து, தரையில் விழுந்த கரண்டிபோல் ஓசையிட்டுக் கிடந்தது.

குகதாசன் ஏழு வருடங்களாகத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். வேறொருவரும் போட்டியிடாததால் கிடைத்த பதவி அது. அவர் அதை மக்கள் தீர்ப்பு என்பார். படகோட்டும் அனுமதிக்கான சோதனையில் மூன்றாம் தடவை சித்தியடைந்து, பழைய படகொன்றை வாங்கி, வசந்தம்தோறும் சால்மன் பிடிக்கப் போனார். அது உண்மையில் சால்மன் அல்ல, அதன் ஒன்றுவிட்ட உறவான ஏரி ட்ரவுட். அந்த வித்தியாசத்தைச் சொன்னவர்களோடு அவர் கதைப்பதை நிறுத்திவிடுவார். மூன்று வசந்தங்கள் ஒன்றும் அகப்படவில்லை. அதற்குச் சுவிஸ்காரரின் பொறாமையே காரணம் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார்.

ஏரி மறுத்ததற்கு இரண்டு கிழமை முன்புதான் முதல் மீன் அகப்பட்டது. அன்று கூடப் போனவன் அவருடைய மனைவி ஜெயகௌரியின் தம்பி சிறீதரன். கைக்கடிகாரத் தொழிற்சாலையில், கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் திருகாணிகளை விரல் உணர்வாலேயே பொருத்துகிறவன். மீன் இழுத்ததும் வலையோடு குனிந்தான், தவறி விழுந்தான். மிதவைச் சட்டை போட்டிருந்ததால் தாழவில்லை. தண்ணீரின் குளிர் ஆறு பாகை.

"அத்தான், கையைத் தாங்கோ!"

"கொஞ்சம் பொறடா, மீன் போயிடும்!"

மீன் பதினொரு நிமிடம் போராடியது. அதற்குள் தொலைவில் இருந்த மோசர் என்ற கிழவர் தன் படகைத் திருப்பிக்கொண்டு வந்து சிறீதரனை உள்ளே தூக்கிப் போட்டார். மீன் ஒன்பது கிலோ. மோசரின் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தவனைப் புகைப்படத்திலிருந்து வெட்டிவிட்டு, குகதாசனும் மீனும் மட்டும் இருந்த படம் சங்க மண்டபத்தில் தொங்கியது. சிறீதரனின் விரல் நுனிகளுக்கு உணர்வு திரும்பவில்லை. தொழிற்சாலையில் அவனைப் பெட்டி மடிக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். அக்காவிடம் அவன் சறுக்கி விழுந்ததாக மட்டும் சொன்னான்.

படகு எழும்பியதைக் குகதாசன் அருள் என்று விளங்கிக்கொண்டார். அப்படி விளங்கிக்கொள்ள அவருக்கு அரை மணித்தியாலம்கூடத் தேவைப்படவில்லை. அடுத்த ஞாயிறு சங்கத்தார் கற்பூரத்தோடு வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு தூரத்து நகரமான ஷாஃப்ஹவுசனிலிருந்து ஒரு வான் வண்டி நிறைய ஆட்கள் வந்து மாலை போட்டார்கள். துறை அதிகாரி அளவுகோல் கொண்டுவந்து இருபத்திரண்டு சென்டிமீட்டர் என்று எழுதிக்கொண்டார். நீரைத் தொடாத படகுக்கும் துறை வாடகை உண்டு என்று பிறகு கடிதம் வந்தது.

மூன்றாம் ஞாயிறு ஜெயகௌரி பக்தர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். படகைக் கட்டிக்கொண்டிருந்த மோசர், தம்பியின் விரல்கள் எப்படி என்று கேட்டார். முதியோர் இல்லத்தில் வேலை செய்து படித்த ஜெர்மன் அவளுக்குப் போதுமாக இருந்தது. எந்த விரல்கள் என்று திருப்பிக் கேட்டாள். கிழவர் நடந்ததைச் சொன்னார், அந்தப் பதினொரு நிமிடத்தையும் விடாமல். அவள் தேத்தண்ணிப் போத்தலைக் கீழே வைத்துவிட்டு, மாலைகளுக்கு நடுவே அந்தரத்தில் வீற்றிருந்த கணவனிடம் போனாள்.

"தம்பி தண்ணிக்குள்ள கிடக்க, நீங்கள் தூண்டிலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்களோ?"

குகதாசன் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு, நியாயமான மனிதர்கள் எல்லோருக்கும் விளங்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறவர்போலச் சொன்னார்: "ஒம்பது கிலோ, கௌரி."

ஷாஃப்ஹவுசன்காரர் ஒருவர், தான் கொண்டுவந்த மாலையைத் திரும்பக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

"இறங்குங்கோ," என்றாள் அவள். "எனக்குப் படகு வேணும்."

அவர் இறங்கினார். படகு மெல்லத் தாழ்ந்து, தண்ணீரில் சொத்தென்று உட்கார்ந்தது.

அன்று மாலை அவள் தம்பியின் கைகளைத் தன் மடியில் வைத்து நெடுநேரம் தேய்த்தாள். "ஏனடா எனக்குச் சொல்லேல்லை?"

"அத்தானுக்கு அவமானமெண்டு நினைச்சன், அக்கா."

"அவமானப்படுறதுக்கும் ஒரு தகுதி வேணும்," என்றாள்.

2005இல் ஜெயகௌரி படகோட்டும் சோதனையில் முதல் தடவையே சித்தியடைந்தாள். வசந்தத்து ஞாயிறுகளில் அக்காவும் தம்பியும் தூண்டில்களைப் பின்னால் இழுத்தபடி ஏரியில் மெதுவாகப் போவார்கள். நைலோன் நூலை விரலால் உணர முடியாத சிறீதரன் அதை முழங்கையில் சுற்றிக்கொள்வான். கொக்கியிலிருந்து மீனைக் கழற்றுவது அவள் வேலை. சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது. இரண்டையும் அவர்கள் வீட்டில் சொல்வதில்லை.

குகதாசன் தலைவராகவே இருக்கிறார். படகு இல்லாமல் அவர் துறைப்படியில் வந்து நின்றாலும் ஏரி மூன்று படி கீழே இறங்கிவிடும். இதைக் கவனித்த துறை அதிகாரி, படிகளில் பாசி சுரண்டவேண்டிய நாட்களில் அவரைத் தொலைபேசியில் கூப்பிடுவார். அவர் டை கட்டிக்கொண்டு வந்து, வேலை முடியும்வரை நெஞ்சை நிமிர்த்தி நிற்பார். அந்தப் பக்கம் போக நேர்ந்தால் ஜெயகௌரி மோட்டாரின் வேகத்தைக் குறைத்துக்கொள்வாள், பாசி சுரண்டுகிறவர்கள் மேல் அலை அடிக்காமல் இருக்க.