பரங்கிமலைப் பக்கம்

“மொகத்தைத் திருப்புங்க!” என்றாள் சாஜிதா பானு.

“எந்தப் பக்கம்?” என்று கேட்டான் அவள் கணவன் சாதிக்.

எழும்பூர் மெட்ரோவின் நிலத்தடி நடைமேடையில், தரையில் விரித்த அவளுடைய துப்பட்டாவின் மேல் கிடந்தார் வாப்பா மம்மது. பெரிய ஆஸ்பத்திரியில் இதயத்தைக் காட்டிவிட்டுச் சங்கரன்கோவில் ரயிலைப் பிடிக்க வந்தவர், மெட்ரோவை விட்டு இறங்கியதும் தூணைப் பிடித்தார், சரிந்தார். ஸ்ட்ரெச்சருக்குச் சொல்லியாகிவிட்டது. மூச்சு அதற்காகக் காத்திருப்பதாகத் தெரியவில்லை.

ஊரில் எந்த வீட்டில் ரூஹு பிரியும் வேளை வந்தாலும் மம்மதுவைத்தான் அழைப்பார்கள். கட்டிலைத் திருப்பிப் போட்டு, போகிறவரின் முகத்தை மேற்கே, மக்கா இருக்கும் கிப்லாவுக்கு நேராக வைப்பது அவர் பொறுப்பு. மேற்கு எதுவென்று அங்கே யாரும் கேட்டதில்லை. மலை தெரியும் பக்கம் மேற்கு. இங்கே எல்லாப் பக்கமும் சுவர். எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம்.

சாதிக் கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்தான். முள் கண்ணாடிக் கதவைக் காட்டியது. ரயில் வந்து நின்றதும் படிக்கட்டைக் காட்டியது.

“கிறுக்குப் புடிச்ச மாரில்லா சுத்துது!”

காவலுக்கு நின்ற பெண்ணிடம் சாஜிதா திரும்பினாள். “அக்கா, மேற்கு எந்தப் பக்கம்?”

“மேற்கா? அந்தப் பக்கம் பரங்கிமலை, இந்தப் பக்கம் சென்ட்ரல். அவ்ளோதாம்மா எனக்குத் தெரியும். ஏங்க, கொஞ்சம் காத்து விடுங்க!” பின்பாதி, கூடி நின்றவர்களுக்கு.

“மலைன்னா மேற்குதான?” என்று சாதிக்கிடம் கேட்டாள் சாஜிதா.

“ஏட்டி, நம்மூரு மலையா அது?”

“மலை மலைதான்.”

“இந்த நேரத்துல தெச என்ன தெச! அல்லாஹ் எல்லாப் பக்கமும் இருக்கான்.”

“அப்ப நேத்து லாட்ஜுல தொழுகப் பாயை எதுக்கு மாத்தி மாத்திப் போட்டிய?”

சாதிக் மாமனாரின் தோளுக்கடியில் கை கொடுத்தான். இருவருமாக அவரைப் பரங்கிமலைப் பக்கம் திருப்பினார்கள். சாஜிதா காதருகே குனிந்து கலிமா சொன்னாள். அவர் உதடும் உடன் அசைந்தது. மறுமுறை அவள் மட்டுமே சொன்னாள்.

அடுத்த ரயில் வந்தது. கதவுகள் திறந்தன, மூடின. அவள் வாப்பாவின் கண்களை மூடினாள்.

லிஃப்ட் மேலே திறந்தபோது மாலை வெயிலில் கண் கூசியது. ஸ்ட்ரெச்சரை நடைபாதையில் நிறுத்தி ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தார்கள். சாதிக் சூரியனைப் பார்த்தான். லிஃப்டைத் திரும்பிப் பார்த்தான். தரைக்கடியில் பரங்கிமலை ரயில் போகும் வழியை விரலால் காற்றில் வரையத் தொடங்கினான். விரல் பாதியில் நின்றது.

“சாஜிதா…”

“வண்டி வருதான்னு பாருங்க.”

அவன் தெருமுனைக்கு நடந்தான். வெயிலுக்கு முதுகைக் காட்டியபடி அவள் நின்றாள். அவளுடைய நிழல் வாப்பாவின் முகத்தை மூடியிருந்தது.