தீட்டுக்குக் காத்திருந்தவன்

சித்தப்பா பஞ்சாட்சரம் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் செத்துப்போனால் நல்லது என்று ஸ்கந்தகுமார் நினைத்தான். அரக்கோணம் ஆஸ்பத்திரியில் அவர் நினைவில்லாமல் கிடந்து ஒன்பது நாளாகிவிட்டது. வெள்ளி இரவு கட்ச் பாலைவனத்துக்கு ரயில்.

நிலவியல் கடைசி வருஷம். களப்பயிற்சி போகாதவனுக்குப் பட்டம் கிடையாது. போன வருஷம் அவனால் போக முடியவில்லை. அதே நாட்களில்தான் திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் முறை அவர்கள் குடும்பத்துக்கு வந்தது. அப்பா ஷண்முகசுந்தரத்துக்குத் தோள்பட்டை போய்விட்டது, அண்டா தூக்க வேறு ஆள் இல்லை. இந்த வருஷமும் தேதி அப்படியே வந்து மோதியது. இதையும் விட்டால் படிப்பு போச்சு.

கட்சில் காய்ந்த ஆறு ஒன்று பாறையை அறுத்து ஆழமான பள்ளத்தாக்கு போட்டிருக்கிறது. அதன் சுவரில் பூமி முறிந்து நகர்ந்த இடம் அப்பட்டமாகத் தெரியும். இந்தப் பக்கம் இடுப்பளவில் ஓடும் சிவப்பு அடுக்கு, முறிவுக்கு அந்தப் பக்கம் தலைக்கு மேலே ஏறியிருக்கும். புத்தகத்தில் பார்த்துச் சலித்துவிட்டது. முறிவுக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வழி ஒன்றுதான். பங்காளி செத்தால் பத்து நாள் தீட்டு. தீட்டுக்காரன் மடப்பள்ளிக்குள் கால் வைக்க முடியாது. முறை அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும்.

"இன்னாடா, உங்க சித்தப்பா இன்னும் இழுத்துகினுதான் கீறாரா?" கூடப் படிக்கும் வேணு போனில் கேட்டான்.

"ஆங்."

"முருகர்கிட்ட சொல்லு. உன் சோத்தைத் தின்றவருதானே, கேக்க மாட்டாரா?"

வெள்ளி விடிகாலை செய்தி வந்தது. ஸ்கந்தகுமார் தலை முழுகிவிட்டு, சுத்தியலையும் காம்பஸையும் பையில் வைத்தான்.

"பை எதுக்குடா?" என்றார் அப்பா.

"தீட்டுதானேப்பா. பத்து நாள் மலைக்கு வர முடியாதே."

"வர முடியாது. கொள்ளி யாரு வைப்பா?"

"நீங்க இருக்கேளே."

"தம்பிக்கு அண்ணன் வைக்கப்படாது. அவனுக்குப் பொண்டாட்டியா, பிள்ளையா? உன்னை விட்டா யாரு இருக்கா? பதிமூணு நாள் நீ எங்கேயும் நகரப்படாது."

தேதிகளை விரல்விட்டு எண்ணியவன் இதை மட்டும் எண்ணவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு, மழித்த தலையும் ஈர வேட்டியுமாக, தோளில் மண்குடத்தோடு சிதையைச் சுற்றினான். சுற்றுக்கு ஒரு ஓட்டையாகக் குடத்தில் போட்டார்கள். முதுகில் தண்ணீர் வழிந்தது. கழற்றி வைத்த சட்டைக்குள் போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. வேணுதான், டிக்கெட் அவனிடம். அப்பா போனை எடுத்து அணைத்து வைத்தார்.

குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்துக் கொள்ளி வைத்ததும், "திரும்பிப் பாக்காம போ சாமி" என்றான் மயானத்து ஆள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் போனால் வீடுதான்.