பிரித்துத் தைத்தல்

புற்றுநோய்ப் பிரிவு டாக்டருக்குத் தன் அக்காவைப் பற்றிப் பெருமையடிக்க ஒரு சாக்கு கிடைத்தால் போதும். அதே மாடியில் கடைசி அறை அவளுடைய ஆய்வகம். ஏழு வருடமாக நோயாளிகளின் ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்கிற பொடித் துணுக்கு ஒன்றை அளந்துகொண்டிருந்தாள். அது ஏறினால் ஆயுள் குறைவு. அடங்கியிருந்தால் ஆள் தேறலாம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த கணக்கு. கட்டுரை அச்சுக்குப் போக இருந்தது.

அந்த வாரம், டாக்டரின் வார்டில் படுத்திருந்த தையல்காரம்மாவின் அளவு எகிறியது. இரண்டு சுற்று மருந்தில் துரும்பாக இளைத்திருந்தாள். ஸ்கேன் இரண்டுங்கெட்டானாக இருந்ததால், அக்காவின் எண்தான் தராசைச் சாய்த்தது. மூன்றாவது சுற்று வேண்டாம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம் என்று தையல்காரம்மாவின் கணவரிடம் சொல்ல டாக்டர் எழுந்தார்.

வாசலில் அக்கா நின்றாள். கையில் இரண்டு குழாய்கள். சிவப்பணு நீக்கிய ரத்தநீர் ஒன்றில் வைக்கோல் நிறம், மற்றதில் லேசான ரோஸ்.

"அந்தம்மா வீட்ல சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

"சொல்லாதடா. என் எண்ணு பொய்."

நின்றபடியே விளக்கினாள். உடம்பு வற்றியவர்களுக்கு நரம்பு சுலபத்தில் அகப்படாது. வலிக்கக் கூடாதே என்று வார்டில் மெல்லிய ஊசியால் இழுக்கிறார்கள். அந்த நெருக்கலில் சிவப்பணுக்கள் உடைந்து ரத்தநீரை ரோஸாக்க, அவற்றுக்குள் இருக்கும் அதே துணுக்கும் வெளியே கொட்டுகிறது. மெலிந்தவர்கள் சீக்கிரம் போனதும் உண்மை, அவர்களுடைய குழாய் ரோஸாக இருந்ததும் உண்மை. அவள் அளந்தது நோயை அல்ல, ஊசியை. ரோஸ் குழாய்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் பாதிக் கணக்கு காற்றில் போயிற்று.

 கட்டுரை என்ன ஆகும் என்று டாக்டர் கேட்டார். நிறுத்தச் சொல்லிக் காலையிலேயே எழுதிவிட்டாளாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை தெரியாத பிறவி. பள்ளியில் தவறுதலாகக் கூடுதலாய் விழுந்த மார்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவள் அவள். அன்று வீடே சிரித்தது. தம்பிதான் அதிகம் சிரித்தான். இன்று அவருக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அக்காவே தையல்காரம்மாவிடம் போய், நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, முழங்கை மடிப்பில் பெரிய ஊசியால் ரத்தம் எடுக்கச் சம்மதம் வாங்கினாள். புதுக் குழாய் வைக்கோல் நிறமாகத் தெளிந்தது. அளவு நடுவில் நின்றது. சாவையும் சொல்லவில்லை, பிழைப்பையும் சொல்லவில்லை. ஆனால் மருந்தை நிறுத்த இனி ஒரு காரணமும் இல்லை.

மறுநாள் டாக்டர் வந்தபோது தையல்காரம்மா கேட்டாள்: "உங்க அக்காவோட ஏழு வருஷ வேலை போச்சாமே?"

"பாதி போச்சும்மா."

"தைக்கத் தெரிஞ்சவங்க ஆயிரம் பேர் இருக்காங்க டாக்டர். கோணல்னு தெரிஞ்சதும் தானே பிரிச்சுத் தைக்கிறவகிட்டதான் நான் நம்பித் துணி குடுப்பேன்" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது சுற்றுக்குக் கையை நீட்டினாள்.