இருபத்தொன்றாவது ஆள்

கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நின்றபடி மார்லிஸ் மூன்றாவது தடவையாகத் தலைகளை எண்ணினாள். இருபதுதான். இருபத்தொன்று வேண்டும். பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்துக்குள் வந்திருந்தவர்கள் நூற்று நாற்பது பேர். நூற்றுக்குப் பதினைந்து பேராவது நிற்காத மூலை கணக்கிலேயே வராது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் கட்சி தன் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் காக்கஸ் கூட்டத்தன்று ஓட்டுச் சீட்டு, மறைப்பு, ரகசியம் ஒன்றும் கிடையாது. யாரைப் பிடித்திருக்கிறதோ அவர் பெயர் ஒட்டிய மூலையில், ஊரே பார்க்கப் போய் நிற்க வேண்டும். பல் வைத்தியர் யார் பக்கம், பாதிரியார் யார் பக்கம் என்பதெல்லாம் ஒரு நொடியில் வெட்டவெளிச்சம்.

செனட்டர் டெல்லெஃப்சனின் மூலைக்கு மார்லிஸ்தான் தலைவி. பள்ளிச் சமையலறையில் தினமும் நானூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறவள். ஆறு வாரம் பனியில் வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தாள். இப்போது ஒரே ஒரு ஆள் குறைகிறது. இன்னொரு வேட்பாளரான பிராண்டின் மூலையில் தொண்ணூற்றொன்பது பேர். அங்கே ஆள் கேட்டுப் போனவளை எலுமிச்சை பிஸ்கட் கொடுத்துச் சிரித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தது எதிர் மூலை, ஆளுநர் ஹாஸ்கலுடையது. அங்கே சரியாக இருபத்தொரு பேர். அதில் ஒருவன் வெண்டல், முப்பத்தொரு வருஷமாக அவளுடைய கணவன்.

வீட்டில் இருவரும் அரசியல் பேசுவதில்லை. போன காக்கஸ் முடிந்து ஒன்பது நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த பிறகு செய்துகொண்ட ஒப்பந்தம் அது. கதவு தட்டிய அத்தனை வீட்டிலும் சொன்னதை அவள் தன் வீட்டில் மட்டும் சொன்னதே இல்லை.

"இடம் மாறுறவங்களுக்கு இன்னும் பத்து நிமிஷம்தான்" என்று மேடையிலிருந்து அறிவித்தார்கள்.

"போ, உன் வீட்டுக்காரனையே இழுத்துட்டு வா" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினாள் ஃபில்லிஸ். அவளும் சமையலறைக்காரிதான்.

மார்லிஸ் கூடத்தைக் கடந்து போனாள். வெண்டல் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோளை ஒட்டி நின்றார் ஆர்லன், ஹாஸ்கல் மூலையின் தலைவர். தினமும் காலையில் தானியக் கிடங்கில் வெண்டலோடு காப்பி குடிக்கிறவர்.

"வர்றா பாரு. வெண்டல், இன்னைக்கு ராத்திரி சோறு உண்டான்னு முதல்ல கேட்டுக்க" என்றார் ஆர்லன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"சோறு அடுப்புல இருக்கு, எவன் ஜெயிச்சாலும் உண்டு" என்றாள் மார்லிஸ். "வெண்டல், எதுல சந்தேகமோ கேளு. சொல்றேன்."

வெண்டல் தாடையைத் தடவினான். "சோளம். வெளிநாட்டுக்காரன் வாங்காம குதிர்ல கிடக்கே, அதுக்கு யாரு?"

பொய் சொல்லலாம். ஆனால் பொய் சொன்னால் அவளுக்குக் காது மடல் சிவக்கும் என்று எதிரே நிற்பவனுக்குத் தெரியும். "ஹாஸ்கல்தான். எங்க செனட்டரம்மாவுக்குச் சோளத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது."

தூரத்திலிருந்து ஃபில்லிஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

"போரு?"

"ரெண்டு பேரும் பசங்களைத் திரும்பக் கூட்டிட்டு வர்றேங்குறாங்க. அதுல வித்தியாசமில்ல."

"ஆஸ்பத்திரி?"

"அதுல டெல்லெஃப்சன்தான். மூடின பிரசவ வார்டையெல்லாம் திறக்கணும்னு எழுதியே வச்சிருக்காங்க. உங்க ஆளு அதைப் பத்தி வாயே திறக்கல."

"அப்போ ஆளுக்கு ஒண்ணு" என்றான் வெண்டல்.

"ரெண்டும் ஒரே எடையா? சோளம் குதிர்ல ஆறு மாசம் காத்திருக்கும், வெண்டல். நம்ம பொண்ணு ஜனெல் வயித்துல இருக்கறது மார்ச்சைத் தாண்டி ஒரு நாள் காத்திருக்காது. பிரசவம் பாக்குற ஆஸ்பத்திரி இங்கேருந்து அறுபது மைல், இந்தப் பனியில."

"மார்ச்சுல அந்தம்மா ஜனாதிபதி இல்லையே."

"தெரியும். நம்ம பேரப்பிள்ளைக்குன்னு கேக்கல. அதுக்கப்புறம் இந்த ஊர்ல பொறக்கப்போற பிள்ளைங்களுக்குக் கேக்கறேன்."

இன்னொன்றும் அவள் நாக்கு நுனியில் நின்றது. போன ஜனவரியில் ஆர்லனின் மகள் நெடுஞ்சாலை ஓரம், பனியில் சிக்கிய வண்டிக்குள்ளேயே பிள்ளை பெற்றாள். பிரசவம் பார்த்தது ஆர்லன்தான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், ஆனால் அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. அவரை வைத்துக்கொண்டே அதை எடுத்து வீச மார்லிஸுக்கு மனசு வரவில்லை. விழுங்கிக்கொண்டாள்.

வெண்டல் சுற்றி நின்ற தன் மூலை ஆட்களைப் பார்த்தான். "நான் வந்துட்டா இவங்க இருபதாயிடுவாங்க, மார்லிஸ். என்னால முடியாது."

அவள் தலையசைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். கோபம்கூட வரவில்லை. வெண்டல் யாரையும் நட்டாற்றில் விடுகிறவன் இல்லை, அதற்காகத்தானே அவனைக் கட்டிக்கொண்டாள்.

தன் மூலைக்கு வந்து எண்ணச் சொன்னாள். ஒவ்வொருவராகக் கை தூக்கி எண்ணைச் சொன்னார்கள். பதினெட்டு. பத்தொன்பது. ஃபில்லிஸ் சுரத்தில்லாமல் "இருபது" என்றாள்.

"இருபத்தொண்ணு."

குரல் பின்னாலிருந்து வந்தது. மார்லிஸ் திரும்பினாள். ஆர்லன் கையைத் தூக்கியபடி நின்றிருந்தார். முகத்தில் சிரிப்பில்லை, அவளையும் பார்க்கவில்லை. ஃபில்லிஸ் அவரைக் கட்டிப் பிடித்துக் குதிக்கத் தொடங்கினாள், மார்லிஸுக்கும் கால் தரையில் பாவவில்லை.

அப்போதுதான் எதிர் மூலையைப் பார்த்தாள். ஆர்லனின் பெயர்ப் பட்டியல் வெண்டலின் கையில் இருந்தது. தலைவர் விட்டுப்போன மூலையில் அவன் விரலை நீட்டித் தன் ஆட்களை எண்ணிக்கொண்டு வந்தான். கடைசியில் விரல் தன் நெஞ்சில் வந்து நின்றது. இருபது.

வெண்டல் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தான். ஆள் பிடிக்க இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நேராக அவளை நோக்கிக் கூடத்தைக் கடந்து வரத் தொடங்கினான். மார்லிஸ் கைகளைக் கட்டி, சிரிப்பை அடக்கி, கால்களை அகட்டி ஊன்றி நின்றாள்.