அரைக்கிணறு

அண்ணன் செய்த கணினி விளையாட்டு விற்பனைக்கு வந்த வாரமே, அதில் கைவிடப்பட்ட ஊர்க்காரர்கள் அலுவலகத்து மாடிப்படியில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். முதலில் வந்தது பானை வனைகிற ஒருவனும் அவன் மனைவியும். இரண்டு பேரும் முழங்கால் உயரம், அவள் கக்கத்தில் ஒரு கோழி. கணினித் திரைக்குள் இருந்தபோது எப்படியோ அப்படியேதான் வெளியிலும் இருந்தார்கள். வாய் பேசாது. பசித்தால் தலைக்கு மேல் ஒரு கிண்ணத்தின் படம் மிதக்கும், தாகமெடுத்தால் ஒரு குடத்தின் படம். கூட்டிப் பெருக்குகிற அம்மா காலைத் தூக்கச் சொன்னாள், தூக்கினார்கள். கீழ்த்தளத்துப் பல் டாக்டரிடம் வருகிறவர்கள் நாற்காலி போதாமல் படியில் காத்திருப்பது வழக்கம் என்பதால், அவர்களும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். தச்சர்களும் ஆடு மேய்ப்பவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் வந்து சேர்ந்த பிறகு படியில் எள் போட இடமில்லை.

வெறும் நிலத்தில் ஓர் ஊரைத் தொடங்கி வளர்த்தெடுக்கிற விளையாட்டு அது. அண்ணன் தன் இளமை முழுவதையும் அதில் கொட்டியிருந்தான். வந்த வரன்களையெல்லாம் மழை முடியட்டும் என்று தள்ளிவைத்தான்; அவன் சொன்னது விளையாட்டுக்குள் ஒழுங்காகப் பெய்யாமல் முரண்டு பிடித்துக்கொண்டிருந்த மழையை. மண்ணுக்கடியில் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதிலிருந்து, பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்டு மாடு பாலைக் குறைத்துக்கொள்வது வரை எல்லாமே அதில் உள்ளபடி நடக்கும். அப்படி ஒன்றை வேறு யாரும் செய்ததில்லை என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் புதிதாக வந்து உட்காருகிறவனுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான் இருந்தது. திரை முழுக்கப் பொத்தான்கள், கீழே பனி பிடிக்கக் காத்திருக்கும் கட்டாந்தரை, நடுவில் குளிரில் கைகட்டி நிற்கும் நாலைந்து குடும்பங்கள். எதையோ அமுக்குவான், தானியம் நனையும். வேறெதையோ அமுக்குவான், ஆடு ஓடும். மூடிவிட்டுப் போய்விடுவான். ஊர் மூடினால் ஊர்க்காரர்கள் எங்கே போவார்கள்? செய்த இடத்துக்கு வந்தார்கள். அலுவலகத்தைப் பார்த்துக்கொண்ட சித்தப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பெத்த வீட்டுக்கு வராம வேற எங்க போவாங்க," என்று சொல்லி ஒரு ஜமுக்காளம் விரித்துப்போட்டார்.

பெரிதாக எடுத்துக்கொண்டவர் கட்டடத்துக்காரர். மழைக்காலம் முடிவதற்குள் படி காலியாக வேண்டும், இல்லையென்றால் அலுவலகம் காலியாக வேண்டும் என்றார். அண்ணன் முகம் தொங்கிப்போனது. விளையாட்டை மூடினால் அத்தனை வருட உழைப்பும் போகும், எங்கெங்கோ தட்டுத்தடுமாறி நடந்துகொண்டிருந்த ஊர்களும் மூடும், அவர்களும் இங்கேதான் வருவார்கள். அப்போதுதான் சித்தப்பா அண்ணனின் தங்கையைக் கூப்பிட்டார். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் வேலை பார்த்தவள். அந்தக் கார்களில் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கும் ஒரு பிரேக் இருக்கும். அதன்மேல் எப்போதும் கால் வைத்திருப்பதால் வீட்டில் அவளுக்குப் பெயரே பிரேக்கு. புதியவர்களுக்கென்று ஒரு தொடக்க ஊரை அமைத்துக்கொடு என்றார் சித்தப்பா. அலுவலகத்துப் பிள்ளைகள் யாரும் அந்த வேலையைத் தொடவில்லை. அதற்குப் பாலர் வகுப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"ஒண்ணும் தெரியாதவங்களுக்காகவா நான் இதைச் செஞ்சேன்?" என்றான் அண்ணன்.

"ஒண்ணும் தெரியாமத்தான் அண்ணா எல்லாரும் வராங்க. முதல் நாளே யாரையும் மலை ரோட்டுல ஏத்த மாட்டோம்."

அண்ணன் தன் மழைக்குத் திரும்பிப் போனான். சின்ன வயதிலிருந்தே அவன் செய்வது பெரிய காரியம், அவள் செய்வது கைவேலை என்பதுதான் அந்த வீட்டுக் கணக்கு. இந்தத் தடவை அந்தக் கணக்கைத் திருத்தியே தீருவது என்று அவள் மனதுக்குள் வைராக்கியம் வைத்துக்கொண்டாள்.

முதலில் அவள் அமைத்த ஊரில் குறை என்று ஒன்றுமே இல்லை. கிணறு நிறையத் தண்ணீர், களஞ்சியம் நிறையத் தானியம், வீடுகளுக்கு ஓடு, தெருவுக்குக் கல், குளிர் எட்டிப் பார்க்காத பள்ளத்தாக்கு. அவளே பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஆனால் அந்த ஊர் வெளியான பிறகு படியில் கூட்டம் குறையவில்லை, இரட்டிப்பானது. வந்தவர்கள் கன்னம் உப்பிய, நல்ல துணி உடுத்திய ஆட்கள். கட்டில், பீரோ, கண்ணாடி சகிதம் வந்தார்கள். ஒருவர் தலைக்கு மேலும் எந்தப் படமும் இல்லை. பல் டாக்டர் தன் கதவைத் திறக்க ஒரு பீரோவை நகர்த்த வேண்டியிருந்தது. விளையாட வந்தவர்கள் இப்போது கோபித்துக்கொண்டு போகவில்லை, கொட்டாவி விட்டுவிட்டுப் போனார்கள்.

அண்ணன் பீரோவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், நேரே தன் நாற்காலிக்குப் போய்விட்டான். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். அவளுக்கு அன்றைக்கு ஒரு பழைய மாணவர் ஞாபகத்துக்கு வந்தார், ஓய்வுபெற்ற தபால்காரர். பயிற்சி முடிகிற நாளில் அவர் சிரித்துக்கொண்டே சொன்னது இதுதான்: "வண்டியை நீங்கதாம்மா ஓட்டுனீங்க. நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சிக்கிட்டுக் கூட வந்தேன்." அப்போது அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மேசைக்குப் போகாமல் படியிலேயே உட்கார்ந்தாள். படித் திருப்பத்தில் ஒரு குழாய் உண்டு. பானை வனைகிறவன் தலைக்கு மேல் குடம் மிதக்க, கையை நீட்டி நீட்டிப் பார்த்தான், எட்டவில்லை. பக்கத்தில் கன்னம் வீங்கிய ஒரு பெண்மணி பல் டாக்டருக்காகக் காத்திருந்தார். பல்வலியில் உலகத்தையே சபித்துக்கொண்டிருந்தவர், கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். பிறகு எழுந்து போய், கூட்டுகிற அம்மாவின் வாளியைக் கவிழ்த்துக் குழாயடியில் வைத்தார். அவன் ஏறினான், திறந்தான், குடித்தான். தலைக்கு மேலிருந்த குடம் மறைந்தது. பெண்மணியின் முகத்தில் ஒரு பிரகாசம். அடுத்து ஆடு மேய்ப்பவன், அடுத்து கைக்குழந்தைக்காரி. முதலில் குழந்தைக்காரர்கள் என்று அவரே ஓர் ஒழுங்கு வைத்தார், தண்ணீர் சிந்தும் இடத்தில் ஒரு துணி போட்டார், ஆடுகளைத் தனியாக நிறுத்தினார். உள்ளேயிருந்து கூப்பிட்டபோது, "கொஞ்சம் இருங்க, இவங்க முடிக்கட்டும்," என்றார். கூப்பிட்டது அவர் பல்லைப் பிடுங்குவதற்கு. தங்கை எழுந்து நின்றாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

ஓடுகளை, கற்களை, களஞ்சியத்தை, பள்ளத்தாக்கை எல்லாவற்றையும் அன்றே கலைத்தாள். அதற்குப் பதிலாக வைத்தது ஒரு பாதி தோண்டிய கிணறு. அதைச் சுற்றிக் கயிறும் கடப்பாரையுமாக மூன்று பேர், மூன்று பேர் தலைக்கு மேலும் குடம். திரையில் ஒரே ஒரு பொத்தான், தோண்டு என்று. தோண்டினால் கையெட்டும் தூரத்தில் தண்ணீர். தண்ணீர் வந்த பிறகுதான் அடுத்த பொத்தான் கண்ணில் படும். ஆனால் அவள் வைத்த இடத்தில் எவ்வளவு தோண்டினாலும் தண்ணீர் வரவில்லை, பாறைதான் வந்தது. அந்த மண்ணில் தண்ணீர் அவ்வளவு மேலே வராது என்றான் அண்ணன். பொய்யாக ஒரு ஊற்றை வைத்துக் கொடு என்று சித்தப்பா சொன்னதற்கு, "என் மண்ணு பொய் சொல்லாது," என்று எழுந்தே நின்றுவிட்டான்.

"பொய் வேணாம் அண்ணா," என்றாள் தங்கை. "நாங்களும் பழகுறதுக்கு ரோட்டைப் பொய்யா போடுறதில்ல, நிஜமாவே காலியா இருக்கிற மைதானத்தைத் தேடிப் போவோம். இவ்வளவு பெரிய உலகம் செஞ்சிருக்க. அதுல எங்கயாவது ஒரு இடத்துல தண்ணி மேல இருக்காதா?"

தான் செய்த உலகத்தைப் பற்றித் தனக்கே விடை தெரியாத ஒரு கேள்வி இருக்கிறது என்பது அண்ணனை உலுக்கிவிட்டது. தேட ஆரம்பித்தான். நாட்கள் வாரங்களாயின. மழைக்காலம் முக்கால்வாசி போய்விட்டது, கட்டடத்துக்காரர் இரண்டு தடவை வந்து படியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவேயில்லை. ஆனாலும் அவன் செருப்பில் தினமும் புதுச் சேறு இருந்தது. கூட்டுகிற அம்மா அதைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போய், மேசைக்கடியில் ஒரு கால்மிதியைப் போட்டுவைத்தாள். ஒருநாள் காலையில் முழங்கால் வரை நனைந்த கால்சட்டையோடு தங்கையின் மேசைக்கு வந்து நின்றான். ஓர் ஆறு தன் வழியை மறந்து திரும்பிப் போகிற மூலையில், மணலுக்கடியில், கையை விட்டால் விரல் நனைகிற ஆழத்தில் தண்ணீர் இருந்தது.

"இப்படி ஒரு இடம் இருக்குன்னு எனக்கே தெரியாது," என்றான். தன் உலகத்தை நினைத்து அவனுக்குப் பெருமை. அதைத் தன்னிடம் கேட்கத் தெரிந்தவளை நினைத்து அதைவிடப் பெருமை. இரண்டாவதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுக்கும் அவசரமில்லை.

அரைக்கிணற்றை அந்த மூலையில் வைத்தார்கள். அங்கே யார் நிற்பது என்று தங்கை படிக்குப் போய்க் கேட்டாள். பானை வனைகிறவன் முதலில் எழுந்தான், பிறகு அவன் மனைவி, அவர்கள் பின்னால் படி முழுவதும் எழுந்தது. குடங்களை முதலில் உள்ளே நீட்டினார்கள், பிறகு கடப்பாரை, பிறகு கைக்குழந்தைகள். விசைப்பலகையை மிதிக்காமல் ஒருவர் பின் ஒருவராகத் திரையின் விளிம்பைப் பிடித்து ஏறி இறங்கினார்கள். பீரோக்காரர்கள் பீரோவை மட்டும் விட்டுவிட்டார்கள். அதில்தான் பல் டாக்டர் இன்றும் பஞ்சு வைத்திருக்கிறார். கோழி மட்டும் போக மறுத்துச் சித்தப்பாவின் நாற்காலியில் தங்கிவிட்டது.

புதிய தொடக்கம் வெளியான மறுநாள் கட்டடத்துக்காரர் வந்தபோது படி காலியாக இருந்தது. அடுத்த வாரமும் காலி. மழைக்காலம் முடிந்தது, கோடை வந்தது, ஒருவரும் திரும்பி வரவில்லை. கடலோரத் துறைமுகங்களையும் எட்டு மதில் நகரங்களையும் கட்டி எழுப்பிய கெட்டிக்காரர்கள்கூட, முதல் ஊரை மூட மனமில்லாமல் ஓர் ஓரத்தில் அப்படியே வைத்திருந்தார்கள். விளையாட்டுக்கு அண்ணன் வைத்த நீளமான பெயரை எல்லோரும் மறந்து அரைக்கிணறு என்றே சொல்லப் பழகிக்கொண்டார்கள். அண்ணன் அதற்குக் கோபித்துக்கொள்வான் என்று அலுவலகத்துப் பிள்ளைகள் பயந்தார்கள். அவனோ, மண்ணையும் மழையையும் பார்க்க யாராவது பெரிய மனிதர்கள் வந்தால், அவர்களை நேரே தங்கையின் மேசைக்குக் கூட்டிப்போனான். "முதல்ல இங்கிருந்து பாருங்க. இது என் தங்கச்சி செஞ்சது," என்பான். வந்தவர் உட்கார்ந்து தோண்ட ஆரம்பிப்பார், அண்ணன் பின்னால் கைகட்டி நிற்பான். தங்கை அந்த நேரங்களில் வேலை இருப்பதுபோல் எதையாவது தேடிக்கொண்டிருப்பாள். காதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

மாடிப்படியில் மட்டும் ஒரு மாற்றம் நிலைத்துவிட்டது. எங்கோ ஒருவர் முதல்தடவையாகக் கிணற்றில் தண்ணீரைக் கண்டால், படித் திருப்பத்துக் குழாய் தானே திறந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு நின்றுவிடும். குழாய்க்காரர் இரண்டு முறை வந்து கழற்றிப் பார்த்துவிட்டு, குழாயில் ஒரு பழுதும் இல்லை என்றார். பல் டாக்டரிடம் புதிதாக வந்தவர்கள் காலில் ஈரம் பட்டு என்னவென்று கேட்டால், "யாரோ கிணறு வெட்டி முடிச்சிருக்காங்க," என்று சொல்லிவிட்டுக் கூட்டுகிற அம்மா வாளியைக் குழாயடிக்குத் தள்ளிவைப்பாள். தங்கை தினமும் காலையில் அந்த ஈரத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு நடந்து வேலைக்கு ஏறிப் போவாள்.