கார்டை விட்டுட்டு வாங்க மாமா

படகுத்துறை ஏ.டி.எம் என் மாமனாரின் கார்டை விழுங்கியபோது, என் மனைவி கடலில் நீந்திக்கொண்டிருந்தாள். விடிவதற்கு முன்பே அக்கரையில் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். நாங்கள் இருவரும் ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்து இக்கரையில் காத்திருந்தோம். படகில் எதிரே போய், கடைசிக் கொஞ்ச தூரம் அவள் கூடவே வருவதாக ஏற்பாடு.

படகுக்காரர் ரொக்கம்தான் வேண்டும் என்றார்.

"நான் இருக்கும்போது உங்களைக் கொடுக்க விடுவேனா மாப்பிள்ளை?" என்று மாமனார் ஏ.டி.எம்முக்குள் போனார்.

ரகசிய எண்ணைப் போட்டு முடிக்கையில் அவர் போன் அடித்தது. அவள் கூட வரும் படகிலிருந்து பயிற்சியாளர். "பாதிக்கு மேல தாண்டிட்டா சார். நல்ல வேகம்."

மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. போனும் கையுமாக வெளியே ஓடிவந்து எனக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினால், மெஷின் பணத்தையும் தரவில்லை, கார்டையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

அவர் அதன் முன்னால் காவலுக்கு நின்றுவிட்டார். "நாம அந்தப் பக்கம் போனதும் வெளிய துப்பிடும். எவனாவது எடுத்துட்டுப் போயிடுவான்."

"துப்பாது மாமா. பேங்க்ல சொல்லி கார்டை முடக்கிடலாம்."

மெஷின் மேல் ஒட்டியிருந்த எண்ணுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். எதிர்முனைப் பெண் பிறந்த தேதி கேட்டாள் போலிருக்கிறது. மாமனார் என்னைப் பார்த்தார்.

"நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

நின்றேன். கல்யாணப் பேச்சின்போது வயசில் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருப்பார் என்பது என் யூகம்.

நின்ற நேரத்தில் பக்கத்து டீக்கடை அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி, அவர் கணக்குக்குப் போனில் பணம் அனுப்பி ரொக்கமாக வாங்கிக்கொண்டேன்.

"முடக்கியாச்சாம். புதுசு வீட்டுக்கே வருமாம்," என்றபடி வந்த மாமனார் என் கையிலிருந்த நோட்டுகளைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"மாப்பிள்ளை காசுல நான்..."

"உங்க பொண்ணைப் பார்க்கப் போறோம் மாமா. கார்டை விட்டுட்டு வாங்க."

ஒருமுறை மெஷினை முறைத்தார். அப்புறம் எனக்கு முன்னால் ஓடினார்.

படகு அலையில் தூக்கிப் போட்டது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு குமட்டலோடு உட்கார்ந்திருந்தேன். அவரோ நின்றுகொண்டே வந்தார். "அதோ, அதோ" என்று என் தோளை உலுக்கினார். தண்ணீருக்கு மேல் ஒரு மஞ்சள் தொப்பி, மாறி மாறி எழும் இரண்டு கைகள்.

பக்கத்தில் போனதும் மாமனார் குனிந்து, "என் கார்டை மெஷின் முழுங்கிடுச்சும்மா," என்றார். அத்தனை தூரம் நீந்தி வந்தவளிடம் சொல்ல அவருக்கு வேறெதுவும் வாயில் வரவில்லை.

அவள் வாயில் போன தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். "அப்பா, வழியை விடுங்க."

கரையைத் தொட அவளுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் ஆனது. முட்டியளவுத் தண்ணீரில் அவள் தள்ளாடி எழுந்தபோது, படகிலிருந்து முன்னதாகவே கரையேறியிருந்த மாமனார் செருப்பைக்கூடக் கழற்றாமல் கடலுக்குள் நடந்துகொண்டிருந்தார். துண்டு என் கையில் இருந்தது. நானும் பின்னால் ஓடினேன்.